கேளுங்க, பேசுவோம்: வெள்ளத்துல எங்க ரெண்டு பேரையும் யாரும் ஒரு வீடா எண்ணல

வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெள்ளம், புயல் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதுல ஜோடியா சேர்ந்து வாழற ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி எழுதின கடிதம் என்னை ரெண்டு நாள் தூங்க விடல, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அந்த விஷயம்தான். அது சம்பந்தமா வந்த மத்த கேள்விகளையும் சேர்த்துக்கிட்டேன். பேர் வேணாம்னு கேட்டவங்க பேர போடல.

அக்கா, நானும் என் தோழியும் ஆறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம் (தோழின்னுதான் எழுதறேன், உங்களுக்கு புரியும்). 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ கிரவுண்ட் ஃப்ளோர் வீட்ல இடுப்பளவு தண்ணி. பிரிட்ஜ், மெத்தை, அவளோட சர்டிபிகேட் எல்லாம் போச்சு. கவர்மென்ட் குடுத்த 6,000 ரூபாய்க்கு டோக்கன் எங்களுக்கு வரல, ஏன்னா என் பேரு திருச்சி ரேஷன் கார்டுல இருக்கு, அவ பேரு அவங்கப்பா கார்டுல இருக்கு. அதைவிட பெருசு, மூணாம் நாள் அவங்கப்பாவும் அண்ணனும் வந்து இந்த தண்ணில எப்படிம்மா இருப்பன்னு கூட்டிட்டு போனவங்க நாலு மாசம் அனுப்பவே இல்ல, போனையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்போ வந்துட்டா. ஆனா மேகம் கறுத்தாலே எனக்கு கை நடுங்குது. எங்களுக்கு மட்டும்தான் இப்படியா, அடுத்த மழைக்கு நாங்க என்ன பண்ணி வைக்கணும்? – வேளச்சேரி வாசகி

தங்கச்சி, மொதல்ல அந்த கை நடுக்கத்த பத்தி சொல்லிடறேன். தண்ணி வீட்டுக்குள்ள வந்ததும் அவ கைய விட்டு போனதும் ஒரே வாரத்துல நடந்துச்சு, உடம்பு ரெண்டையும் ஒரே முடிச்சா போட்டு வச்சிருக்கு, அதான் வானம் இருட்டினா அவ போயிடுவாளோன்னு உள்ளுக்குள்ள பதறுது. இத அவகிட்ட சொல்லியிருக்கீங்களா? சொல்லுங்க. அவளுக்கும் அந்த நாலு மாசத்துல என்னென்னமோ நடந்திருக்கும், அதையும் கேளுங்க. தூக்கம் கெடுதுன்னா, வேலைக்கு போக முடியலைன்னா ஒரு மனநல டாக்டர பாருங்க. உங்க உறவ ஒரு வியாதி மாதிரி பேசறவரா இருந்தா எழுந்து வந்துடுங்க, வேற டாக்டர் இருக்காங்க.

உங்களுக்கு மட்டுமில்லம்மா. வெள்ளம் வந்தா தன்பாலீர்ப்பு உள்ளவங்களுக்கு, அதாவது தன்னோட பால் ஆள் மேலயே காதல் வர்ற கே, லெஸ்பியன் மக்களுக்கு, இந்த ரெண்டு அடி எங்கேயும் விழுது. ஒண்ணு, நிவாரணம் எல்லாமே குடும்பம்னு ஒரு கணக்குல வருது, அந்த கணக்குல நீங்க ரெண்டு பேரும் இல்ல. இன்னொண்ணு, இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு ஒரு வாடகை வீடு புடிச்சு, கதவ சாத்திக்கிட்டா நம்ம இஷ்டம்னு இருந்த அந்த நாலு சுவர் போனதும் மறுபடியும் அப்பா வீட்டு கதவுதான் தட்ட வேண்டியிருக்கு, இல்ல அவங்க வந்து தட்டறாங்க. மத்தவங்களுக்கு புயல்ல பொறந்த வீடு புகலிடம். உங்கள மாதிரி பலருக்கு அங்கதான் ஆபத்தே.

இப்போ என்ன பண்ணலாம்னு பாப்போம். 2023 அக்டோபர் 17ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரே பால் கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ஆனா அதுக்கப்புறம் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டு, 2024ல சில சுற்றறிக்கை அனுப்புச்சு. ஒரே வீட்ல சேர்ந்து வாழற ஒரே பால் ஜோடிய ரேஷன் கார்டு விஷயத்துல ஒரே வீடா எடுத்துக்கணும்னு உணவுத்துறை எல்லா மாநிலத்துக்கும் எழுதியிருக்கு. ஜாயிண்ட் அக்கவுன்ட் ஆரம்பிக்க, ஒருத்தர இன்னொருத்தர் நாமினியா போட எந்த தடையும் இல்லன்னு நிதித்துறை சொல்லியிருக்கு. சுகாதாரத்துறையும் ஒரு கடிதம் போட்டிருக்கு, படிக்கவே மனசு கனக்கும், ஆனா தெரிஞ்சு வச்சுக்கோங்க, நெருங்குன சொந்தக்காரங்க இல்லாதப்போ இறந்தவரோட உடலை பார்ட்னர் கேட்டு வாங்கலாம்னு. இதெல்லாம் பேப்பர்ல இருக்கு, உணவு வழங்கல் ஆபீஸ் கவுன்டர்ல இருக்கறவருக்கு தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. 2024 செப்டம்பர் 1ம் தேதி சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட செய்திக்குறிப்புல இது எல்லாமே இருக்கு, பிரிண்ட் எடுத்துட்டு போங்க, முடியாதுன்னா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. கார்டு கைக்கு வர லேட்டானா கூட வாடகை அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் பேரும் இருக்கணும், கேஸ் பில்லு ஒருத்தர் பேர்ல, கரண்ட் இல்ல இன்டர்நெட் பில்லு இன்னொருத்தர் பேர்ல இருக்கட்டும். மிக்ஜாம் அப்போ கார்டு இல்லாதவங்ககிட்டயும் ரேஷன் கடையில விண்ணப்பம் வாங்கினாங்க, நிறைய பேருக்கு அது தெரியவே இல்ல, தெரிஞ்சவங்களும் இந்த வீட்ல நாங்கதான் இருக்கோம்னு காட்ட ஒரு தாள் இல்லாம திண்டாடினாங்க. நாமினின்னா வாரிசு ஆயிடாதுங்கறதையும் மறக்காதீங்க. உயில் தனியா எழுதணும், ரெண்டு சாட்சி போதும், ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல, பண்ணா நல்லது.

அவங்க வீட்ல மறுபடியும் வந்து கூட்டிட்டு போனா? 2021ல மதுரையிலேர்ந்து சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க வழக்குல, அவங்கள காணோம்னு பெத்தவங்க புகார் குடுத்திருந்தாங்க, சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஜூன் 7ம் தேதி உத்தரவு போட்டார், வயசு வந்த ரெண்டு பேர் விருப்பப்பட்டு சேர்ந்து இருக்காங்கன்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டு புகாரை முடிச்சிடணும், தொல்லை பண்ணக்கூடாதுன்னு. 2025 மே மாசம் அதே சென்னை ஹைகோர்ட்ல நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் முன்னாடி ஒரு ஆட்கொணர்வு மனு வந்துச்சு. வீட்ல அடைச்சு வச்சிருந்த 25 வயசு பொண்ண விடுவிச்சு, தோழியோட போக விட்டாங்க, கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, நாமளே தேர்ந்தெடுக்கற குடும்பமும் குடும்பம்தான்னு தீர்ப்புல இருக்கு. உங்க நாலு மாசத்துக்கு இந்த தீர்ப்பு உதவியிருக்கும், அப்போ அது வரல. இனிமே உதவும். ஒரு வக்கீல் நம்பர் போன்ல மட்டும் இருக்க வேணாம், மனப்பாடமாவும் இருக்கட்டும், ரெண்டு பேருக்கும்.

அப்புறம் ஒரு ஜிப் பை. ஆதார், அக்ரிமென்ட், பாஸ்புக் காப்பி, மாத்திரை சீட்டு எல்லாம் அதுல போட்டு பரண்ல வச்சிடுங்க. தண்ணி ஏறுச்சுன்னா எந்த தோழி வீட்டுக்கு போறதுன்னு இப்பவே பேசி வைங்க, அந்த தோழிகிட்டயும் சொல்லி வைங்க, அப்பா வந்து நிக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல. ஆனா காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினப்போ எல்லா வீட்லயும்தான் தண்ணி. பசின்னா எல்லாருக்கும் பசி. இதுல கே, லெஸ்பியன்னு தனியா என்ன கஷ்டம் இருக்க முடியும்? – தூத்துக்குடி வாசகர்

சார், நியாயமான கேள்வி, பதில நான் செஞ்ச ஒரு தப்புலேர்ந்து ஆரம்பிக்கறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல ஒரு ஸ்கூல் முகாம்ல ரெஜிஸ்டர் எழுதற வேலை எனக்கு. பேரு, வயசு, குடும்பத் தலைவர், உறவுமுறைன்னு கோடு போட்ட நோட்டு. ரெண்டு ஆம்பளைங்க வந்தாங்க, ஒருத்தருக்கு அம்பது இருக்கும், இன்னொருத்தர் கொஞ்சம் சின்னவர், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துணி மூட்டை, அதுலேர்ந்து தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. உறவுமுறை என்னன்னு கேட்டேன். அண்ணன் தம்பின்னாரு பெரியவர். நான் சும்மா இருந்திருக்கலாம், இனிஷியல் வேற வேறயா இருக்கேன்னு கேட்டேன். பின்னாடி க்யூல இருந்தவங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. பெரியம்மா பையன்னு சொல்லும்போது அவர் கண்ணு என்ன பாக்கல, என் பேனாவ பாத்துச்சு. குடும்பத்துக்கு ஒரு பாய், ஒரு போர்வை, தனி ஆளா இருந்தா ஆம்பளைங்க பக்கம் போய் படுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, நான் ரெண்டு பேரையும் தனி ஆள்னு எழுதினேன். மறுநாள் காலைல சாம்பார் சாதம் குடுக்கும்போது பாத்தேன், ரெண்டு பேரும் இல்ல, இன்னும் கணுக்கால் தண்ணி வடியாத தெருவுக்கே திரும்பி போயிட்டாங்க. பசி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார், சாப்பாட்டு க்யூல நிக்கறதுக்கு முன்னாடி பொய் சொல்ல வேண்டியது எல்லாருக்கும் இல்ல.

உலகத்துலயே இதை ரொம்ப தெளிவா பாத்தது ஹைட்டில. 2010 ஜனவரி 12, சாயங்காலம் அஞ்சு மணி ஆக சில நிமிஷம் இருக்கும்போது 7.0 அளவு நிலநடுக்கம், சுமார் 15 லட்சம் பேருக்கு வீடு போச்சு. தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ்ல செரோவின்னு ஒரு அமைப்பு, கே ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் எச்.ஐ.வி. பத்தி வேலை செய்யறவங்க, அந்த நேரம் அவங்க ஆபீஸ்ல கூட்டம் நடந்துட்டு இருந்துச்சு, கட்டடம் இடிஞ்சு 14 பேர் அங்கேயே போயிட்டாங்க. தப்பிச்சவங்க நிலைமை என்னன்னா, உணவு லாரி வந்தா பலசாலி ஆம்பளைங்க புடுங்கிட்டு போயிடறாங்கன்னு உலக உணவுத் திட்டம் ஒரு முடிவெடுத்துச்சு, கூப்பன் பொம்பளைங்க கையிலதான், ஒரு கூப்பனுக்கு 25 கிலோ அரிசி. நல்ல முடிவு, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன், எத்தனையோ கொழந்தைங்க அதனால சாப்பிட்டிருக்கும். ஆனா வீட்ட விட்டு துரத்தப்பட்டு ரெண்டு ஆம்பளைங்களா, நாலு ஆம்பளைங்களா சேர்ந்து வாழ்ந்தவங்க வீட்ல கூப்பன் வாங்க பொம்பள யாரு? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல, அப்படி ஒரு வீடு இருக்கும்னு திட்டம் போட்டவங்களுக்கு தோணல, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் செரோவியும் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பும் சேர்ந்து போட்ட அறிக்கையில ஒரு விஷயம் வரும், எனக்கு அது மறக்கவே மறக்காது. முகாம்ல அடி வாங்காம இருக்க, சாப்பாடும் வேலையும் கிடைக்க, கே ஆண்கள் குரல மாத்தி, நடைய மாத்தி விறைப்பா நடந்தாங்களாம். அதுக்கு அவங்க வச்ச பேரு, தோள்ல கல்லை வச்சுக்கறது. வீடு இடிஞ்ச கல்லு ஒரு பக்கம் கெடக்குது, இன்னொரு கல்ல தோள்ல தூக்கிட்டு சாப்பாட்டு க்யூல நிக்கறாங்க. பொண்ணுங்க கதி இன்னும் மோசம், இருட்டு, கதவில்லாத கூடாரம், அங்க லெஸ்பியன்னு தெரிஞ்ச பொண்ணுங்களுக்கு உன்ன சரி பண்றேன்னு சொல்லியே வன்கொடுமை நடந்திருக்கு. இதுக்கு மேல எழுத கை வரல சார்.

இயற்கைக்கு மாறா நடக்கறதாலதான் இயற்கை சீறுதுன்னு எங்க சபையில ஒருத்தர் பேசினார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. – நாகர்கோவில் வாசகி

உங்க மனசு ஒப்பாததே போதும், இருந்தாலும் அடுத்த தடவை அவர்கிட்ட நியூ ஆர்லியன்ஸ் கதைய சொல்லுங்க. 2005 ஆகஸ்ட் 29 திங்கக்கிழமை கத்ரீனா புயல் அமெரிக்காவுல கரை ஏறுச்சு, கரைச்சுவர் உடைஞ்சு ஊர்ல சுமார் 80 சதவீதம் தண்ணிக்குள்ள போச்சு. அந்த வாரக் கடைசியில அங்க சதர்ன் டெகடன்ஸ்னு கே மக்களோட பெரிய திருவிழா நடக்க இருந்துச்சு, 1972லேர்ந்து நடக்குது. உடனே சில மதப் பிரசங்கிகள் கிளம்பிட்டாங்க, அந்த விழாவுக்கு கடவுள் குடுத்த தண்டனைதான் இதுன்னு. ஆனா அந்த விழா நடக்கற ஃபிரெஞ்ச் குவார்ட்டர் மேடான பழைய பகுதி, அங்க பெரும்பாலும் தண்ணி ஏறவே இல்ல. முங்கினது தாழ்வான இடத்துல இருந்த லோயர் நைன்த் வார்டு மாதிரி ஏழை கறுப்பின மக்களோட தெருக்கள், வயசானவங்க, கார் இல்லாததால ஊர விட்டு கிளம்ப முடியாதவங்க. தண்ணி பள்ளத்த தேடிதான் போகும், கரைச்சுவர சரியா கட்டாதது மனுஷன் தப்பு.

அந்த ஊர் தன்பாலீர்ப்பு மக்களுக்கு விழுந்த அடி வேற மாதிரி. புயலுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான், 2004 செப்டம்பர்ல, அந்த மாநிலத்து மக்கள் ஒரே பால் கல்யாணம் செல்லாதுன்னு அரசியல் சட்டத்துலயே ஓட்டு போட்டு எழுதி வச்சாங்க, 1996ல வந்த மத்திய சட்டமும் அப்போ அந்த கல்யாணத்த ஏத்துக்கல. அதனால இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவங்களும் அரசாங்கத்துக்கு ரெண்டு தனி ஆளு. டெக்சாஸ்ல ஒரு முகாம்ல பெண்கள் குளியலறையில குளிச்சாங்கன்னு ஒரு திருநங்கைய அரெஸ்ட் பண்ணி ஜெயில்ல வச்சாங்க, புயல்லேர்ந்து உசுரோட தப்பிச்சு வந்த பொண்ணும்மா அது. ஆனா இதையும் சொல்லணும், செப்டம்பர் 4 ஞாயித்துக்கிழமை, ஊரே காலியா கெடக்கும்போது, அங்கேயே தங்கிட்ட இருபது சொச்சம் பேர் சேர்ந்து அந்த விழா ஊர்வலத்த நடத்தினாங்க. எனக்கு அது துக்க வீட்ல விளக்கு ஏத்தற மாதிரி தெரியுது.

நம்ம ஊர்லயும் இந்த தண்டனைப் பேச்சு புதுசில்ல. 1934 ஜனவரி 15ல பீகார்ல பெரிய நிலநடுக்கம், காந்தி அப்போ தீண்டாமைங்கற பாவத்துக்கு கடவுள் குடுத்த தண்டனைன்னு சொன்னார். தீண்டாமைய எதிர்க்கறதுல தாகூருக்கு காந்தியோட ஒரு கருத்து வேற்றுமையும் கிடையாது, அப்படியிருந்தும் இயற்கை நிகழ்வுக்கு இயற்கைதான் காரணம், இத பாவத்தோட முடிச்சு போடாதீங்கன்னு பகிரங்கமா மறுத்தார், காந்தி அந்த மறுப்ப தன்னோட ஹரிஜன் பத்திரிகையிலயே போட்டார். நல்ல காரியத்துக்காக சொன்னாலே தப்புன்னா, ஒரு கூட்டத்தை வெறுக்கறதுக்காக சொல்றத என்னன்னு சொல்றது.

சுனாமி அப்போ எங்க பக்கம் திருநங்கைகளுக்கு ஒண்ணுமே கிடைக்கலன்னு எங்கம்மா சொல்வாங்க. நிஜமா? – நாகப்பட்டினம் வாசகர்

நிஜம்தான் தம்பி. 2004 டிசம்பர் 26ல தமிழ்நாட்டுல போன சுமார் 8,000 உயிர்ல பெரும்பங்கு உங்க மாவட்டம். அப்போ அரவாணிகள்னு சொல்வாங்க. ரேஷன் கார்டு இல்ல, குடும்பத்தோட சேர்ந்து இல்ல, அதனால நிவாரணப் பட்டியல்ல இல்ல, தற்காலிக வீடும் இல்ல. செத்தவங்கள கூட ஆண்னு எழுதி முடிச்சதால எத்தனை பேர் போனாங்கங்கற கணக்கே நமக்கு கிடையாது. இத ஆய்வாளர் சமன் பிஞ்சா தமிழ்நாட்டு கடற்கரையில சுத்தி விசாரிச்சு 2008ல எழுதினாங்க. அதே 2008 ஏப்ரல் 15ல இங்க திருநங்கைகள் நலவாரியம் வந்துச்சு, கார்டும் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு அரசாங்கம் நெனச்சா பட்டியல்ல ஒரு கோடு சேர்க்க முடியும்ங்கறதுக்கு நம்ம ஊரே சாட்சி, கே, லெஸ்பியன் ஜோடிகளுக்கு அந்த கோடு இன்னும் விழல.

என் மகன் சென்னையில வேலை பாக்கறான். போன வருஷம்தான் எங்கிட்ட அந்த விஷயத்த சொன்னான், அவன் அப்பாவுக்கு தெரியாது. புயல் எச்சரிக்கை வந்தா ஊருக்கு வாடான்னா, அவனோட சேர்ந்து இருக்கற பையன் இல்லாம வரமாட்டேங்கறான். நான் என்ன செய்யட்டும்? – கடலூர் அம்மா

ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்போ நண்பன்னு சொன்னா போதும், மீதிய அவன் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லிக்கட்டும். அந்த பையன்கிட்ட நீங்களே போன்ல, நீயும் வாப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்க வாயால கேக்கணும் அவன்.

நாங்க அஞ்சாறு பேர் வருஷா வருஷம் மழை நேரத்துல கல்யாண மண்டபத்துல முகாம் நடத்தறோம். யாரையும் கேள்வி கேட்டு சங்கடப்படுத்த விரும்பல. என்ன மாத்தணும்னு சொல்லுங்க. – தாம்பரம் தன்னார்வலர்கள்

இந்த கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நான் 2015ல செஞ்ச தப்பு உங்க முகாம்ல நடக்கக்கூடாது, அதனால நோட்டுலேர்ந்தே தொடங்குங்க. உறவுமுறைங்கற கோட்டை எடுத்துடுங்க. அதுக்கு பதிலா யாரோட சேர்ந்து தங்கணும், ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு போன் பண்ணணும், இந்த ரெண்டு மட்டும் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியே எழுதுங்க, அடையாள அட்டை பேரும் ஆளும் வேற மாதிரி தெரிஞ்சாலும் மேல கேக்காதீங்க. யாராவது வந்து என் பொண்ணு இங்க இருக்காளான்னு விசாரிச்சா உடனே நோட்ட திறந்து காட்டாதீங்க, உள்ள போய் அந்த பொண்ணுகிட்ட மொதல்ல கேளுங்க, அவங்கப்பாவே ஆனாலும்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்னு பிரிக்கும்போது தனியா ஒரு ரூமும் தாழ்ப்பாள் உள்ள ஒரு பாத்ரூமும் யார் வேணா உபயோகிக்கலாம்னு விடுங்க, பால் குடுக்கற அம்மாவுக்கும் அது உதவும், வயசானவங்களுக்கும் உதவும். எச்.ஐ.வி. மாத்திரை, ஹார்மோன் மாத்திரை நனைஞ்சு போனவங்க வாய் திறந்து கேக்க மாட்டாங்க, அதனால மாத்திரை ஏதாவது தொலைஞ்சவங்க சீட்டுல எழுதி இந்த டப்பாவுல போடுங்கன்னு பொதுவா சொல்லிடுங்க, எல்லாருக்கும் சேர்த்து. அப்புறம் அவங்கள உதவி வாங்கறவங்களா மட்டும் பாக்காதீங்க. 2010ல இந்தோனேசியாவுல மெராபி எரிமலை வெடிச்சப்போ யோக்யகர்த்தா ஊர் வாரியாக்கள், நம்ம திருநங்கைகள் மாதிரின்னு வச்சுக்கோங்க, முகாம் முகாமா போய் எல்லாருக்கும் காசு வாங்காம முடி வெட்டி விட்டாங்க. சாம்பல் படிஞ்ச தலையோட பத்து நாள் உக்காந்திருந்த ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. உங்க ஏரியாவுல இருக்கற கே, லெஸ்பியன் நண்பர்கள், திருநங்கைகள் யாரையாவது இப்பவே கூப்பிட்டு உங்க குழுவுல சேருங்க, மழை வந்தப்புறம் தேடாதீங்க.

புது நோட்டுக்கு படிவம் அடிக்கறதுக்கு முன்னாடி பத்திரிகை முகவரிக்கு ஒரு காப்பி அனுப்புங்க, பாத்து திருத்தி அதே வாரம் திருப்பி அனுப்பறேன்.